நாக்கில் ஒட்டாத துண்டு

போன செவ்வாய்க்கிழமை காலை, வெளியே நோயாளிகள் வரிசை வராந்தா முழுக்க நீண்டிருந்தபோது, தொலைபேசி அடித்தது. பொறியியல் கல்லூரியின் துறை அலுவலகத்திலிருந்து பேசினார்கள்.

"டாக்டர், நம்ம செராமிக் சாந்தாராம் தவறிட்டாருங்க. ஞாயித்துக்கிழமையே எடுத்துட்டாங்களாம்."

நம்ம சாந்தாராம் என்று அந்த ஆள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருடமாக அந்தத் துறையின் வாசற்படியை மிதிக்க விடாமல் வைத்திருந்தார்கள். செத்த பிறகு நம்மவர் ஆகிவிட்டார். அந்த ஆள் குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலே சொன்னார்.

"இரங்கல் கூட்டம் வச்சிருக்கோம். அன்னிக்குக் குடுக்கிறதுக்குச் சின்னதா ஒரு மலரும் போடுறோம். நீங்க ஒரு பக்கம் எழுதித் தரணும். நல்லதா நாலு வார்த்தை. அந்தக் கால் விஷயம் மட்டும் வேண்டாம்னு பேராசிரியர் சார் சொல்லச் சொன்னாரு."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். இதோ எழுதுகிறேன். இது ஒரு பக்கத்தில் அடங்காது. அந்தக் கால் விஷயத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் எழுதும் உத்தேசமும் எனக்கு இல்லை.

சாந்தாராமை அறிந்தவர்கள் மதுரையில் இரண்டு வகை. கப்பலூரில் மின்சார ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்னப் பீங்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, மனித உடம்புக்குள் வைக்கும் செயற்கை எலும்பைச் செய்தவர் என்று அறிந்தவர்கள் ஒரு வகை. அவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அவர் செய்த எலும்பு ஒரு பெண்ணின் காலைத் தின்றுவிட்டது என்று நம்புகிறவர்கள் இன்னொரு வகை. அவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. விசாரணை அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்த அறிக்கையின் கீழே மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. மூன்றாவது கையெழுத்து என்னுடையது. அது பொய் அறிக்கை. அந்தப் பொய்யைத் தன் பெயரின் மேல் சுமந்துகொண்டே அந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதை இறக்கி வைப்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், மணிக்கட்டு முறிந்து என்னிடம் வந்தார். தொழிற்சாலையில் களிமண் மூட்டை சரிந்து கை அகப்பட்டுக்கொண்டது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஒல்லி, கண்ணாடி. நெசவாளர் தெருவில் பிறந்த சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார, இவர் மட்டும் பாலிடெக்னிக் படித்துவிட்டுப் பீங்கானுக்குப் போனவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி எலும்பு எங்கே முறிந்திருக்கிறது என்று விளக்கினேன். அவர் முறிவைப் பார்க்கவே இல்லை.

"இது என்ன சாமான்ல பண்ணுனது டாக்டர்?"

"எது?"

"எலும்பு."

கால்சியமும் பாஸ்பேட்டும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மாவுக்கட்டு போட்டு அனுப்பினேன். கட்டுப் பிரிக்க வந்த அன்று, சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெளுத்த ஒரு துண்டு.

"கசாப்புக் கடையில வாங்கி, சூளையில வச்சேன். கொழுப்பு, சதை எல்லாம் எரிஞ்சு போயி, எலும்போட சாமான் மட்டும் நிக்குது. இத அரைச்சு, திரும்ப அச்சுல போட்டுச் சுட்டு, உள்ள வச்சா உடம்பு கோவிச்சுக்குமா?"

உடம்பு கோவித்துக்கொள்வது. இந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அந்நியப் பொருள் ஒன்றை உடம்பு ஏற்றுக்கொள்கிறதா, தள்ளுகிறதா என்பதைப் பற்றி நாங்கள் தடித் தடிப் புத்தகங்களாகப் படித்திருந்தோம். அவருக்கு இந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு நான்கு வருடம், முயல்களுக்குள் வைத்துப் பார்த்து நான் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டது இதைத்தான். "கோவிச்சுக்கிச்சா டாக்டர்?"

எலும்பை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அவர் மனைவி கறாராகச் சொல்லிவிட்டார். தொழிற்சாலையின் பின்பக்கத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் தன் வேலையை வைத்துக்கொண்டார். வெந்த எலும்பை நாள் கணக்கில் அரைப்பார். அரைத்ததைச் சலிக்க அவருக்குச் சந்தையில் கிடைத்த எந்தச் சல்லடையும் பிடிக்கவில்லை. அண்ணன் தறியிலிருந்து மெல்லிய பட்டுத் துணியை வாங்கி வந்து மூன்று மடிப்பாகக் கட்டிச் சலித்தார். பிறகு அந்த மாவில் ரவையைக் கலந்தார். உப்புமா கிண்டுகிற அதே ரவை. அச்சில் அழுத்திச் சூளையில் வைத்தால் ரவை எரிந்துபோய் அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய பொந்தாக நிற்கும். அந்தப் பொந்துகளுக்குள்தான் நோயாளியின் சொந்த எலும்பு வளர்ந்து வந்து பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஆராய்ச்சியில் எங்களோடு சேர்ந்திருந்த கல்லூரித் துறையில் இதற்கு வெளிநாட்டிலிருந்து ஏதோ ரசாயனம் வரவழைக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் இவருடைய துண்டு முயலின் தொடையில் ஒட்டிவிட்டது.

துண்டு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருந்த கருவி அவருடைய நாக்கு. பீங்கான் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. சுட்ட துண்டை நாக்கு நுனியில் வைப்பார்கள். பொந்து திறந்திருந்தால் அது எச்சிலை உறிஞ்சி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். பொந்து இல்லாமல் இறுகிவிட்டிருந்தால் வழுக்கும். ஃபியூஸ் கட்டை வழுக்க வேண்டும், இல்லையென்றால் ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்தைக் கசிய விட்டுவிடும். எலும்போ பிடிக்க வேண்டும். "நாக்குல ஒட்டுனா எலும்புலயும் ஒட்டும். அம்புட்டுத்தான் டாக்டர் இதுல இருக்கிற விஞ்ஞானம்" என்பார். ஒரு முறை கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், என் மனைவி காபி கொடுத்த புதுக் கோப்பையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரியா வேகலம்மா, திருப்பிக் குடுத்துருங்க" என்றார். அவள் அந்தக் கோப்பைகளைப் பிறகு எடுக்கவே இல்லை. எனக்கு அன்றைக்கு அடக்க முடியாத சிரிப்பு.

அவருடைய துண்டுகளில் ஒரு குறை இருந்தது. உடம்பு கோவித்துக்கொள்ளவில்லை, ஆனால் பலம் போதவில்லை. குழிக்குள் பொருத்திச் சிறு சுத்தியால் தட்டினால் ஓரம் உதிரும். பொந்து அதிகமானால் பலம் குறையும், பலத்தைக் கூட்டினால் பொந்து அடையும். நான்கு வருடமும் இந்த இழுபறிதான். மாவை இன்னும் நைசாக அரைத்தார். சூளையின் சூட்டை மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கினார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பலம் கூடியது. கொஞ்சம்தான். கல்லூரியில் பலத்தை அளக்க நசுக்கிப் பார்க்கும் இயந்திரத்தை வைத்திருந்த பேராசிரியர், அது காட்டும் எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். நானும் சும்மா இருக்கவில்லை. "இன்னும் கெட்டியாப் பண்ணுங்கண்ணே, கெட்டியாப் பண்ணுங்க" என்று போகும்போதெல்லாம் நச்சரித்தேன். "இன்னும் ஒரு வருசம் குடுங்க டாக்டர்" என்பார். அந்த ஒரு வருடத்தை நாங்கள் அவருக்குக் கொடுக்கவில்லை.

பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமயநல்லூர்ப் பக்கம், நடவு வேலை செய்கிறவள். அப்போது முப்பது வயது இருக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஒரு குழி. புற்று அல்ல, உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் எலும்பு உள்ளே கூடாகி இரண்டு தடவை முறிந்துவிட்டது. இடுப்பிலிருந்து அவளுடைய சொந்த எலும்பையே எடுத்து ஒரு முறை நிரப்பினேன். அது கரைந்து போய்விட்டது. மூன்றாவது தடவை முறிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சேத்துல நிக்க முடியுமாய்யா?" என்று கேட்டாள். நடக்க முடியுமா என்று அவள் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிற குழு ஒன்று டெல்லியிலிருந்து வருகிறது என்று பேராசிரியர் பரபரத்தார். பலமான துண்டு ஒன்றைக் காட்டியாக வேண்டும், முடிந்தால் ஒரு அறுவைச் சிகிச்சையையே காட்டிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து சாந்தாராமின் தகப்பனார் காலமானார். காரியம் முடிகிற வரைக்கும் அவர் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. அச்சில் போட்ட துண்டுகள் சுடப்படாமல் கொட்டகையில் இருந்தன. பேராசிரியர் காரைப் போட்டுக்கொண்டு கப்பலூருக்கு நேராகப் போய், தொழிற்சாலையின் பெரிய சூளையிலேயே அவற்றைச் சுட்டுக் கொடுக்கச் சொன்னார்.

சாந்தாராம் தன் துண்டுகளைப் பெரிய சூளையில் வைத்ததே கிடையாது. தனியாக ஒரு சின்னச் சூளையில், மூடியுள்ள மண் பெட்டிக்குள் வைத்துத்தான் சுடுவார். பெரிய சூளையில் சுடுவது ஃபியூஸ் கட்டைகளை. அவற்றின் மேல் பளபளப்புக்காகக் கண்ணாடிப் பூச்சு பூசியிருக்கும். சூட்டில் அந்தப் பூச்சு ஆவியாகிப் பக்கத்தில் இருப்பதன் மேலும் படியும். இதைச் சூளைக்காரர் கருப்பையாவிடம் யாரும் சொல்லவில்லை. கருப்பையா நல்ல மனுஷன். சாந்தாராமண்ணன் செய்தது, ஆஸ்பத்திரிக்குப் போகிற பொருள், ஓரத்தில் வைக்கலாமா என்று நினைத்தார். சூளையின் நட்டநடுவில், நன்றாகத் தீ ஏறும் இடத்தில், பூச்சுப் பூசிய கட்டைகளுக்கு நடுவில் வைத்தார். தீ நன்றாகப் பிடிக்கட்டும் என்று பெட்டியின் மூடியையும் எடுத்துவிட்டார். சூளைக்காரருடைய மரியாதை அது. நடு இடத்தை அவர் எல்லாப் பொருளுக்கும் கொடுப்பதில்லை.

துண்டுகள் வெளியே வந்தன. இயந்திரத்தில் வைத்து நசுக்கினார்கள். முந்தையதெல்லாம் நொறுங்கிய இடத்தைத் தாண்டியும் இது நொறுங்கவில்லை. பேராசிரியர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "சாதிச்சுட்டோம் டாக்டர்" என்றார். சாதித்துவிட்டோம்! நான்கு வருடம் ஒருவர் முட்டி மோதிக் கிடைக்காத பலம், அவர் இல்லாத பத்து நாளில் எப்படி வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் அவசரம். எனக்கும் டெல்லிக்காரர்கள் முன்னால் நிற்க ஆசை. பேச்சியம்மாளுக்கு நாள் குறித்தேன்.

அன்று காலை, அறுவை அரங்கின் வாசலில், மொட்டைத் தலையோடு சாந்தாராம் நின்றார். காரியம் முடிந்த மறுநாள். தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார், கருப்பையா நடந்ததைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், கேட்டவுடனே மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஓடி வந்திருக்கிறார். நான் கை கழுவிவிட்டு அரங்குக்குள் நுழையப் போனேன். என் பின்னால் பேராசிரியரும் குழுவினர் மூன்று பேரும் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"டாக்டர், இத வைக்காதீங்க. ஒட்டல."

"என்னண்ணே ஒட்டல?"

"நாக்குல ஒட்டல. வழுக்குது. பூச்சு ஏறி மேல கண்ணாடி பூத்திருக்கு. பலம் வந்ததுக்குக் காரணமே அதுதான். பொந்தெல்லாம் மூடிக்கிருச்சு. இது எலும்பு இல்ல டாக்டர், இது ஃபியூஸ் கட்டை. அந்தம்மா காலுக்குள்ள போயி ஃபியூஸ் கட்டைய வைக்கப் போறீங்க."

பேராசிரியர் ஆங்கிலத்தில் குழுவினரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். சாந்தாராம் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. உள்ளங்கையில் துண்டை வைத்து என் முன்னால் நீட்டினார்.

"நான் சொல்றத நம்ப வேண்டாம். ஒரே ஒரு தடவ நீங்க நாக்குல வச்சுப் பாருங்க. ஒட்டுனா நான் போயிர்றேன்."

ஒரு நொடி வேலை. குனிந்து நாக்கை நீட்டியிருந்தால் போதும். முகமூடியை இறக்கிவிட்டுத் திரும்பவும் கை கழுவிக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் என்ன செய்தேன்? டெல்லிக்காரர்கள் பார்க்கிறார்கள், மொட்டைத் தலை மனுஷன் ஒருவன் என்னை நாக்கை நீட்டச் சொல்கிறான் என்று எனக்குக் காது சூடேறிவிட்டது.

"அண்ணே, இது ஆஸ்பத்திரி. உங்க சூளை இல்ல. வெளிய போங்க" என்றேன். அவர் நகரவில்லை. காவலாளியைக் கூப்பிட்டேன். காவலாளி அவருடைய தோளில் கை வைத்தான். போகும்போது அந்தத் துண்டை அரங்கின் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். "இங்க வச்சிருக்கேன் டாக்டர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன். பேச்சியம்மாள் அப்போது அங்கேயே, இருபது அடி தள்ளித் தள்ளுவண்டியில் மயக்க ஊசிக்காகக் காத்துப் படுத்திருந்தாள். அவளிடம் போய், "வேண்டாம்மா, எந்திரிச்சு வீட்டுக்குப் போ" என்று அவர் சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம். என் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிற்பாடு கேட்டேன். "கத்தி எடுக்கப் போற நேரத்துல அந்தம்மா மனசக் கலைக்கக் கூடாதுல்ல டாக்டர். உங்க கை நல்ல கை. என் சாமான்தான் சரியில்ல" என்றார். இந்த மரியாதைதான் அந்த மனிதரைக் கொன்றது. இதே மரியாதைதான் பேச்சியம்மாளின் காலையும் கொண்டு போனது.

துண்டு அழகாகப் பொருந்தியது. சுத்தியால் தட்டினேன், ஓரம் உதிரவில்லை. குழுவினர் கை கொடுத்தார்கள். செய்தித்தாளில் பேராசிரியரின் படம் வந்தது.

நாலாம் மாதம் காலில் நீர் கோத்தது. ஆறாம் மாதம் காய்ச்சல், சீழ். திறந்து பார்த்தேன். உள்ளே வைத்த துண்டு வைத்தபடியே இருந்தது. ஒரு நூல் எலும்புகூட அதில் ஒட்டவில்லை. இடுக்கியால் தொட்டதும் புளியங்கொட்டை மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கழுவினேன், விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. சுற்றிலும் எலும்பு அழுகியிருந்தது. அடுத்த மாதம் முழங்காலுக்கு மேலே காலை எடுத்தேன். என் கையால்தான். நல்ல கை என்றாரே, அந்தக் கையால்.

பிறகு விசாரணை. பேராசிரியர், தொழிற்சாலை நிர்வாகத்தின் ஆள் ஒருவர், நான். சாந்தாராமைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, பெரிய சூளையில் வைத்தது யார் என்று கேட்டார்கள். கருப்பையாவுக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. சாந்தாராம் சொன்னார், "சூளைக்குப் போற சாமானுக்கு நான்தான் பொறுப்பு." அவர்களுக்கு அது போதும். வைக்கச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. வைக்காதே என்று ஒருவர் வாசலில் வந்து நின்றாரே, அதையும் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். தயாரிப்பாளரின் கவனக்குறைவே காரணம் என்று தட்டச்சு செய்து வந்த தாளை என் பக்கம் நகர்த்தினார்கள். கையெழுத்துப் போட்டேன். என் பேனாவில் மை தீர்ந்திருந்தது. சாந்தாராம்தான் தன் பேனாவைக் கழற்றி நீட்டினார்.

தகரக் கொட்டகையைப் பூட்டினார்கள். அவரைச் சோதனை வேலையிலிருந்து எடுத்து அரவைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே கல் அரைபடும். நாள் முழுக்கக் கல்தூசி பறக்கும். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணியைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஆறு வருடம் அங்கே வேலை பார்த்தார். போன வருடம் பெரியார் பஸ் நிலையத்தில் பார்த்தேன். பத்து அடி நடப்பதற்குள் மூன்று தடவை நின்றார்.

"என்னண்ணே இது?"

"நெஞ்சுக்குள்ள தூசி போயிருச்சு டாக்டர்." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "உடம்பு கோவிச்சுக்கிச்சு."

அவரை எக்ஸ்ரே படம் எடுக்க அழைத்துப் போனேன். படத்தில் நுரையீரல் முழுக்கக் கல்தூசி படிந்த புள்ளிகள். எலும்பு டாக்டரான எனக்கே தெரிந்தது. மரணச் சான்றிதழில் காசநோய் என்று எழுதியிருப்பதாக இப்போது அவர் மனைவி சொல்கிறார். காசநோய் என்றால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா. அந்த அரவைக் கொட்டகையில் இன்றைக்கும் ஆட்கள் இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

தொலைபேசி வந்த அன்று மத்தியானமே நெசவாளர் தெருவுக்குப் போனேன். அவர் மனைவி சரோஜாம்மாள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களைப் பத்தி ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்லைங்க. டாக்டரு அன்னிக்கு அவசரத்துல இருந்தாருன்னு மட்டும் சொல்வாரு" என்றார். பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூச்சு இருந்த வரைக்கும், அவர் சமயநல்லூருக்குப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தாராம். பேச்சியம்மாளின் கட்டைக்காலுக்கு அடியில் போடும் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிக் கொடுத்துவிட்டு வருவாராம். நான் ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை.

நேற்றுப் போனேன். வேலி ஓரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாந்தாராம் இறந்துவிட்டார் என்றேன். தெரியும் என்றாள். அன்று காலை அரங்கின் வாசலில் நடந்ததை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சுய்யா. வண்டியில படுத்திருந்தேன்ல. வைக்காதீங்க வைக்காதீங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. யாரையோ சொல்றாகன்னு இருந்தேன்." ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "அவரு ஒரு நாளும் இதச் சொல்லலையே. மாசாமாசம் வந்து, என் தப்புதான் தாயின்னுட்டுல்ல போவாரு" என்றாள். இப்போதுதான் கை நின்றது. "அப்பிடின்னா எல்லாரு முன்னாடியும் சொல்லுங்கய்யா. எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன ஆகப் போகுது?"

ஆகவே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். சாந்தாராம் செய்த எலும்பு யாருடைய காலையும் தின்னவில்லை. அவர் செய்தது நாக்கில் ஒட்டியது, முயலின் தொடையில் ஒட்டியது, இன்னும் ஒரு வருடம் கொடுத்திருந்தால் பேச்சியம்மாளின் காலிலும் ஒட்டியிருக்கும். ஒட்டாத ஒன்றைச் செய்ய வைத்தவர் பேராசிரியர். வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்காமல் அதை உள்ளே வைத்தவன் நான். அறிக்கையில் இருக்கும் என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவருக்கு எது நோய் என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன். படத்தின் பிரதியும் கூட இருக்கிறது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஜன்னல் விளிம்பில் அவர் வைத்துவிட்டுப் போன அந்தத் துண்டுதான். அன்று சாயங்காலம் எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டேன். தூக்கி எறியவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை தொலைபேசியை வைத்த பிறகு, அடுத்த நோயாளியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அதை எடுத்துத் துடைத்து நாக்கில் வைத்தேன். ஒட்டவில்லை. வழுக்கிக்கொண்டு மடியில் விழுந்தது. கண்டுபிடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

கூட்டத்துக்கு அதைக் கொண்டு வருகிறேன். மேடை ஏறி அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசப் போகிறவர்கள், பேசுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இன்னொன்று. கூட்டம் கல்லூரியின் மாடி அரங்கில் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். கீழே எங்காவது மாற்றி வையுங்கள். பேச்சியம்மாள் வருகிறாள், அவளால் அவ்வளவு படி ஏற முடியாது.